நிலைமின் ஒலிபெருக்கி மௌனமானால்?

ரயில்வேயில் பார்சல் ஒன்று காணாமற் போனால் முதலில் அது ஏற்றப்பட்ட நிலையத்தின் பதிவேட்டைப் பார்ப்போம். பின்னர் வண்டி மாறிய நிலையம், அதன் பின்னர் இறக்க வேண்டிய நிலையம் என்று வரிசையாக விசாரிப்போம். எந்த நிலையம் வரையில் அது வந்து சேர்ந்ததாகக் கையெழுத்து இருக்கிறதோ, அந்த நிலையத்திற்கும் அடுத்த நிலையத்திற்கும் இடையிலேதான் அது தவறியிருக்க வேண்டும். வழியிலுள்ள வண்டிகளையெல்லாம் பிரித்துப் பார்க்க எவரும் முனைவதில்லை. இசைச் சாதனங்களில் பழுது காண்பதற்கும் இதைவிட நல்ல முறை கிடையாது.

இம்முறையை நிலைமின் ஒலிபெருக்கிகளிடத்தில் எவ்வாறு கையாளுவது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவை எல்லார் வீட்டிலும் காணப்படுபவை அல்ல. எனினும், வெளிநாடுகளில் பணிபுரிந்து திரும்பியோர் மூலமாகவும், பழைய இசை ரசிகர்களிடமிருந்து கைமாறியும், மும்பை போன்ற நகரங்களில் நம்மவர் சிலருடைய இல்லங்களுக்கு இவை வந்து சேர்ந்திருக்கின்றன. இவை ஓய்ந்துபோகும்போது இருவகை இன்னல்கள் நேர்கின்றன. ஒன்று, ‘உயிர் போய்விட்டது’ என்று யாரோ சொன்னதை நம்பி, அரிய பொருளைப் பழைய சாமான் விலைக்குக் கொடுத்துவிடுவது. மற்றொன்று, திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்பக்க மூடியைக் கழற்றப் புகுந்து, தம் உயிரையே பணயம் வைப்பது. இவ்விரண்டையும் தவிர்க்கலாம்.

அமைப்பு

சாதாரண ஒலிபெருக்கியில் காகிதக் கூம்பு ஒன்று இருக்கும். அதன் அடியிலுள்ள கம்பிச்சுருள் காந்தத்தின் நடுவே முன்னும் பின்னும் அசைந்து கூம்பை அதிரச் செய்யும். நிலைமின் ஒலிபெருக்கியில் கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. தலைமயிரைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதற்கு முன்னும் பின்னும், சிறிது இடைவெளி விட்டு, துளைகள் நிறைந்த இரு தகடுகள் நிற்கும். படலத்திற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் அளவில் நிலையான மின்னேற்றம் அளிக்கப்படும். ஆம்ப்ளிபையரிலிருந்து வரும் இசை, ஒரு டிரான்ஸ்பார்மர் மூலம் பன்மடங்கு உயர்த்தப்பட்டு, இரு தகடுகளுக்கும் ஒன்றுக்கொன்று எதிராகச் செல்லும். ஒரு தகடு படலத்தை இழுக்கும் அதே கணத்தில் மற்றொன்று தள்ளும். படலம் முழுவதும் ஒரே சீராக அசைவதால், தம்பூராவின் நுண்ணிய கார்வையும் பாடகரின் மூச்சும்கூடத் தெளிவாகக் கேட்கின்றன.

இவ்வகையில் புகழ்பெற்றது இங்கிலாந்தில் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் என்பவரின் நிறுவனம் தயாரித்த ‘குவாட்’ ஒலிபெருக்கி. 1957-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அது 1985 வரையில் தயாரிக்கப்பட்டது. பார்வைக்கு அறையைச் சூடாக்கும் மின்கணப்பைப் போலவே இருக்கும். அதனுள் மூன்று பலகைகள் உண்டு. இரு பக்கங்களிலும் உள்ளவை கீழ் ஒலிகளுக்கும், நடுவில் உள்ளது மேல் ஒலிகளுக்கும் உரியவை. கீழ் ஒலிப் பலகைகளுக்கு 6,000 வோல்ட், நடுப்பலகைக்கு 1,500 வோல்ட் மின்னேற்றம். இதற்குப் பின்வந்த இஎஸ்எல்-63 என்னும் மாதிரி 1981-இல் வெளியாயிற்று. அமெரிக்காவில் மார்ட்டின்லோகன் என்னும் நிறுவனம், கீழ் ஒலிகளுக்குக் கூம்பையும் மற்றவற்றிற்கு நிலைமின் பலகையையும் இணைத்துச் செய்கிறது. வடிவம் எதுவாயினும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே.

முதலில் எச்சரிக்கை

இந்த ஒலிபெருக்கியினுள் ஆபத்து இரண்டு இடங்களில் குடியிருக்கிறது. படலத்திற்கு மின்னேற்றம் தரும் உயர் அழுத்தப் பெட்டி ஒன்று. சுவரிலுள்ள பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்த மின்னேற்றம் உடனே நீங்குவதில்லை, நெடுநேரம் தங்கியிருக்கும். மற்றொன்று இசையை உயர்த்தும் டிரான்ஸ்பார்மர். பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது அதிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். அதன் பின்னால் ஆம்ப்ளிபையரின் முழு வலிமையும் நிற்கும். சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்ற தைரியத்தில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் உள்ளே கை வைப்பவருக்குப் பிராணாபாயம் நேரக்கூடும்.

ஆகவே, பின்பக்க மூடியைக் கழற்றும் வேலை உயர் அழுத்த மின்சாரத்தில் பயிற்சி பெற்றவருக்கே உரியது. வீட்டிலிருப்போர் செய்யக்கூடியது வெளியிலிருந்து செய்யும் சோதனை மட்டுமே. இது சிறிய காரியமன்று. பழுது எந்த இரண்டு ‘நிலையங்களுக்கு’ இடையில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் மூடியைத் தொடாமலே அறிந்துவிடலாம்.

வெளியிலிருந்து செய்யும் சோதனைகள்

முதற் சோதனை, இடம் மாற்றுதல். ஒரு பக்கம் மட்டும் ஓய்ந்திருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். எல்லாச் சாதனங்களையும் நிறுத்தி, ஆம்ப்ளிபையரின் பின்புறத்தில் இடது, வலது ஒலிபெருக்கிக் கம்பிகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த வேண்டும். மீண்டும் பாட்டை வைத்தால், முன்பு ஓய்ந்திருந்த ஒலிபெருக்கி நன்றாக ஒலித்து, மற்றது ஓய்கிறதா? அப்படியானால் ஒலிபெருக்கி குற்றமற்றது. பழுது ஆம்ப்ளிபையரிலோ அதற்கு முன்னரோ இருக்கிறது. ஓய்ந்தது ஓய்ந்தபடியே இருந்தால், பழுது அந்த ஒலிபெருக்கியிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ இருக்கிறது. கம்பியை மட்டும் மாற்றிப் பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, சுவர் மின்சாரம். சாதாரண ஒலிபெருக்கிக்கு இது வேண்டியதில்லை. நிலைமின் ஒலிபெருக்கிக்கு இது இன்றியமையாதது. வீடு பெருக்கும்போது பிளக் கழன்றிருக்கலாம், பியூஸ் எரிந்திருக்கலாம். மின்சாரம் நின்றவுடன் ஒலிபெருக்கி சட்டென்று ஊமையாகிவிடுவதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். படலத்தில் எஞ்சியுள்ள மின்னேற்றத்தைக் கொண்டு சிறிது காலம் பாடி, மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும். ‘நேற்று நன்றாக இருந்தது, இன்று குரல் தணிந்துவிட்டது’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிளக்கைத்தான்.

மூன்றாவது, பொறுத்திருத்தல். நீண்ட நாள் பயன்படாமல் இருந்த ஒலிபெருக்கியை இணைத்து, பாட்டு எதுவும் வைக்காமல், ஓர் இரவும் பகலும் விட்டுவைக்க வேண்டும். அதன் பின்னர் ஒலி முழு அளவுக்கு உயர்ந்துவிட்டால், ஈரப்பதத்தினால் மின்னேற்றம் தாமதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஓரளவு மட்டும் உயர்ந்து நின்றுவிட்டால், உயர் அழுத்தப் பெட்டி தளர்ந்திருக்கலாம், அல்லது படலத்தின் மேற்பூச்சு தேய்ந்திருக்கலாம்.

நான்காவது, எந்த ஒலி குறைகிறது என்று கேட்டறிதல். இதற்கு நம்மிடம் நல்ல கருவி ஒன்றுண்டு, அது மிருதங்கம். தனி ஆவர்த்தனம் ஒன்றை மெதுவான அளவில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகக் கேட்க வேண்டும். வலந்தலைச் சொற்கள் கணீரென்று கேட்டு, தொப்பியின் கும்காரம் மட்டும் மறைந்திருந்தால், கீழ் ஒலிப் பலகையோ அதற்குரிய மின்னேற்றமோ குறைவுபட்டிருக்கிறது. தொப்பி கேட்டு, வலந்தலை மழுங்கி, தம்பூராவின் ரீங்காரமும் மங்கியிருந்தால், குறை நடுப்பலகையில் இருக்கலாம்.

ஐந்தாவது, இருட்டில் பார்த்தல். பாட்டில்லாமலே ‘டிக், டிக்’ என்ற ஓசையோ ‘ஸ்’ என்ற சீறலோ கேட்டால், இரவில் விளக்கை அணைத்து, சற்றுத் தூரத்திலிருந்து பலகையைக் கவனிக்க வேண்டும். நீலநிறப் பொறி தெரிந்தால் அவ்விடத்தில் மின்சாரம் தாவுகிறது. தூசி, ஈரம், உள்ளே புகுந்து மடிந்த பூச்சி ஆகிய ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். படலம் எரிந்து துளை விழுந்தும் இருக்கலாம். பொறி கண்டவுடன் ஆம்ப்ளிபையரை நிறுத்தி, ஒலிபெருக்கியின் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். அந்நிலையில் தொடர்ந்து பாடவிடுவது சிறு காயத்தைப் பெரும் புண்ணாக்குவதற்குச் சமம்.

ஆறாவது, அதிர்வு. சில குறிப்பிட்ட சுரங்களில் மட்டும் ‘கிர்’ என்ற ஓசை எழுமானால், பலகையின் முன்னுள்ள தூசி மறைப்புப் படலம் கிழிந்தோ தளர்ந்தோ இருக்கலாம். முன்தட்டியின் திருகு தளர்ந்திருப்பதும் உண்டு. இப்பொழுது கைபேசியிலேயே ஒரே சுரத்தைக் கீழிருந்து மேலாக ஏற்றிக்கொண்டு போகும் வசதி இருக்கிறது. மெல்லிய அளவில் அதை ஒலிக்கவிட்டால் எந்தச் சுரத்தில் அதிர்கிறது என்று குறித்துக்கொள்ளலாம்.

இந்த ஆறு சோதனைகளின் முடிவுகளையும் தேதியிட்டு ஒரு தாளில் எழுதிவைத்தல் நன்று. பழுது பார்ப்பவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் அவருடைய வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

மூடிக்கு உள்ளே

இனி, பயிற்சி பெற்றவர் உள்ளே என்ன செய்கிறார் என்பதை அறிந்துவைப்பது நல்லது. செலவுக் கணக்கைச் சரிபார்க்கவாவது இது உதவும்.

அவர் முதலில் எல்லா இணைப்புகளையும் நீக்கிவிட்டு நெடுநேரம் காத்திருந்து, எஞ்சிய மின்னேற்றத்தையும் தக்க மின்தடை வழியாக வடித்துவிடுவார். பிறகு உயர் அழுத்தப் பெட்டியைப் பார்ப்பார். இது ஓர் ஏணி போன்றது. கிணற்றுப் படிகளில் வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கைக்குக் கை மேலேற்றுவதுபோல, டயோடுகளும் கன்டென்ஸர்களும் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துகின்றன. நடுப்பலகைக்கு வேண்டிய குறைந்த அழுத்தம் கீழ்ப்படியிலிருந்தும், மற்றவற்றிற்கு வேண்டிய முழு அழுத்தம் உச்சியிலிருந்தும் எடுக்கப்படும். மேற்படிகளில் ஒருவர் சோர்ந்தால் உச்சிக்குத் தண்ணீர் குறையும். கீழ்ப்படியில் உள்ளவருக்குக் குறைவிராது. நடுப்பலகை நன்றாக ஒலித்து, கீழ் ஒலி மட்டும் மறைவதற்கு இது ஒரு முக்கிய காரணம். பழைய ஒலிபெருக்கிகளில் டயோடுகளும் கன்டென்ஸர்களும் காலப்போக்கில் தளர்வது இயல்பே. புதியவற்றை வைத்து ஏணியைத் திரும்பக் கட்டிவிடலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டு இந்த அழுத்தத்தை அளக்கக் கூடாது. அது இவ்வளவு வோல்டைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. தவிர, பொய்க் கணக்கும் சொல்லும். உதாரணமாக, 6,000 வோல்ட் தரும் பெட்டியின் வழியில் 100 மெகாஓம் மின்தடை இருப்பதாகவும், மீட்டரின் சொந்த மின்தடை 10 மெகாஓம் என்றும் கொள்வோம். மீட்டரை வைத்தவுடன் அழுத்தம் சரிந்து, அது ஏறக்குறைய 545 வோல்ட் என்றே காட்டும். நல்ல பெட்டியையும் செத்த பெட்டி என்று தீர்ப்பளிக்க இந்த ஒரு அளவே போதும்! இதற்கென்றே உள்ள 1,000 மெகாஓம் சோதனைக் கோலைப் பயன்படுத்தினால் சுமார் 5,450 வோல்ட் காட்டும். முழு உண்மை அதுவும் அன்றாயினும், உண்மைக்கு அருகில் இருக்கிறது.

பெட்டி நன்றாக இருந்தும் ஒலி குறைந்தால் அடுத்தது பலகை. படலத்தின் மேல் மின்சாரத்தை மிகச் சிரமத்துடன் கடத்தும் ஒரு பூச்சு உண்டு. அது எளிதில் கடத்தும் பூச்சாக இருந்தால், படலம் அசையும்போது மின்னேற்றம் ஓரிடத்தில் திரண்டு ஒலி கெடும், பொறியும் தாவும். ஆகவேதான் அதன் மின்தடை வேண்டுமென்றே மிக உயர்வாக வைக்கப்படுகிறது. இந்தப் பூச்சு தேய்ந்துபோனால் பலகையைப் பிரித்து, புதிய பாலியெஸ்டர் படலத்தைச் சீராக இழுத்துக் கட்டி, தக்க பூச்சைப் பூசி மூட வேண்டும். இது பொறுமையும் பழக்கமும் வேண்டும் வேலை. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இதையே தொழிலாகச் செய்யும் பட்டறைகள் உள்ளன.

பொறி பாய்ந்து விழுந்த சிறு துளை எப்போதும் பலகையைக் கொன்றுவிடுவதில்லை. துளையைச் சுற்றிய கரிதான் பகை. கரி மின்சாரத்திற்கு வழி கொடுப்பதால் அங்கேயே மீண்டும் மீண்டும் பொறி பாயும். கரியை நீக்கினால் பலகை சில சமயம் பிழைத்துக்கொள்ளும். இஎஸ்எல்-63 மாதிரியில் வேறொரு குறை உண்டு. தகடுகளைச் சட்டத்தோடு பிணைத்த பசை, வயதானபின் விட்டுவிடும். அதற்கும் பலகையைப் பிரித்து மீண்டும் ஒட்டுவதே பரிகாரம்.

ஓர் உதாரணம்

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், இளமையில் மிருதங்கம் பயின்றவர். இங்கிலாந்தில் வேலை பார்த்த நாட்களில் வாங்கிய குவாட் ஜோடியைக் கப்பலில் கொண்டுவந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அதில் ஒரு பக்கம் தணிந்துவிட்டது. பார்க்க வந்த வியாபாரி ஒருவர் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, “பலகைகள் எல்லாம் போய்விட்டன, இரண்டையும் சேர்த்து நானே எடுத்துக்கொள்கிறேன்” என்று அற்ப விலை ஒன்று சொன்னார். பிள்ளைகளும் இடத்தை அடைக்கிறதே என்று கொடுத்துவிடச் சொன்னார்கள். பெரியவருக்கு மனம் வரவில்லை. “அவர் விலை பேசின வேகத்தைப் பார்த்தேன், தம்பி. செத்த பொருளை வாங்க யாராவது இத்தனை அவசரப்படுவார்களா?” என்றார்.

எங்கள் ரயில்வேயில் தொலைத்தொடர்புப் பிரிவில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்துச் சென்றேன். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்காத எனக்கு இந்த வித்தையைக் கற்பித்தவர் அவரே. மேற்சொன்ன சோதனைகளை வரிசையாகச் செய்தோம். கம்பியை மாற்றியும் குறை இடம் பெயரவில்லை. பிளக்கும் பியூஸும் சரியாக இருந்தன. ஓர் இரவும் பகலும் காத்திருந்தும் சிறிதே தேறியது. தனி ஆவர்த்தனத்தை வைத்தவுடன் பெரியவரே கண்ணை மூடிக்கொண்டு, “வலந்தலை இருக்கிறது, தொப்பி இல்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் இணைப்பின்றி வைத்திருந்த பின், நண்பர் மூடியைத் திறந்து, எஞ்சியதையும் வடித்துவிட்டு, நல்ல பக்கத்தின் உயர் அழுத்தப் பெட்டியைக் கெட்ட பக்கத்தில் பொருத்தினார். மூடியை மூடி, மின்னேற்றம் ஏறும்வரை பொறுத்திருந்தோம். ஓய்ந்திருந்த ஒலிபெருக்கி கும்மென்று பாடிற்று. பலகைகள் மூன்றும் உயிரோடுதான் இருந்தன, படியேற்றியவர்தான் சோர்ந்திருந்தார். புதிய டயோடுகளும் கன்டென்ஸர்களும் வைத்ததோடு வேலை முடிந்தது. வியாபாரி சொன்னது பொய்யா, அறியாமையா என்று நாங்கள் ஆராயவில்லை. அவர் ஒரு சோதனையும் செய்யாமல் தீர்ப்புச் சொன்னார் என்பது மட்டும் நிச்சயம்.

வருமுன் காத்தல்

மின்னேற்றமுள்ள படலம் காற்றிலுள்ள தூசியைத் தன்பால் இழுக்கும். அதனால் நம் வீட்டு வழக்கங்கள் சிலவற்றை இதனிடமிருந்து சற்று விலக்கி வைக்க வேண்டும். சாம்பிராணிப் புகையும் தாளிப்பு ஆவியும் படியும் இடத்தில் ஒலிபெருக்கியை வைக்கலாகாது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையின் ஈரமும், கடற்காற்றின் உப்பும் மின்னேற்றம் கசிய வழி செய்யும். ஆகவே திறந்த ஜன்னலுக்கு அருகில் வேண்டாம். முன்தட்டியில் படிந்த தூசியை அகற்ற வேண்டுமானால், பிளக்கையும் ஆம்ப்ளிபையர் கம்பியையும் நீக்கிப் பல மணி நேரம் கழித்து, தூசி உறிஞ்சும் கருவியால் வெளிப்புறத்தில் மட்டும் மெதுவாக எடுக்கலாம். ஈரத்துணி கூடவே கூடாது. சிறு குழந்தைகள் தட்டியின் துளைகளில் ஊசியோ கம்பியோ நுழைக்காதபடி பார்த்துக்கொள்வது வீட்டாரின் முதற் கடமை.

ஆம்ப்ளிபையரைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பழைய குவாட் ஒலிபெருக்கி தாங்கக்கூடிய உச்ச அளவு 33 வோல்ட். அக்காலத்தில் அதனோடு விற்கப்பட்ட வால்வு ஆம்ப்ளிபையரின் திறன் 15 வாட்தான். இக்காலத்து 100 வாட் ஆம்ப்ளிபையர் ஒன்று, 8 ஓம் சுமையில் முழு வலிமையோடு முழங்கினால் 40 வோல்ட் வரை எழும்பும். கல்யாண வீட்டு நாதஸ்வரம்போல் வீடு அதிர வைக்க விரும்பினால், நடுப்பலகை பொறி கக்கி எரிந்துபோகும். இந்த ஒலிபெருக்கி அளவோடு கேட்பவருக்கே உகந்தது.

நேயர்களில் எவர் வீட்டிலாவது இத்தகைய ஒலிபெருக்கி மூலையில் துணி போர்த்திக் கிடக்குமானால், அதை விற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்காக ஒதுக்கி, மேற்கண்ட ஆறு சோதனைகளையும் செய்து பாருங்கள். மூடியைத் திறக்காதீர்கள். முடிவுகளை எழுதி வையுங்கள். அதன் பிறகு தகுந்தவரை அழையுங்கள். அவர் “பலகை போய்விட்டது” என்றால், “எந்தப் பலகை? எப்படிக் கண்டீர்கள்?” என்று மரியாதையோடு கேளுங்கள். விடை தெரிந்தவர் இக்கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.